இரண்டு பேர் கை பட்ட முகம்

"அழிச்சிரு ஷீஜா, நான் சொல்லுதேன்ல, மொதல்ல அந்தக் கன்னத்தை..."

"காலைலேர்ந்து பட்ட பாடெல்லாம் அழிக்கதுக்கா? அக்கா, நீங்க கொஞ்சம்..."

"தாடி இருக்கட்டும்ளா. மத்ததை மட்டும்..."

"மத்ததை எடுத்தா தாடி எங்க தொங்கும்? காத்துலயா?"

ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி. இரண்டு பேருக்கும் நடுவில், சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தான் வளன். இமையில் பூசியது காயவில்லை, உதட்டோரம் பூசியதும் காயவில்லை. பேச முடியாத மனுஷன் என்ன செய்வான்? ஒற்றை விரலைத் தூக்கி, என்ன நடக்கிறது என்று காற்றில் கேட்டான். அசையாதீங்கண்ணே என்று ஷீஜா அதட்டியதும் விரல் மடங்கிக்கொண்டது.

போன வாரம், வேஷம் கட்ட இருந்த பிரைட்டனுக்குக் கண் வீங்கியதில் கதையை விட்டோம். தாடி ஒட்டும் பசை அந்தப் பிள்ளையின் தோலுக்கு ஆகவில்லை. அழகுக்கலைஞர் சங்கத்துப் போட்டியோ இன்றைக்குச் சாயங்காலம். 'வலம்புரித் தீவு' என்கிற அந்தக் காலத்து மாயாஜாலப் படத்திலிருந்து ஆளுக்கொரு வேஷத்தை உயிரோடு மேடையேற்ற வேண்டும். ரெட்டைத்தலை அரக்கனை ஒரு பார்லர் எடுத்துக்கொண்டது, பாம்பு இளவரசியை இன்னொன்று. ஜெஸ்லினுக்கும் அவளிடம் புதிதாகச் சேர்ந்த ஷீஜாவுக்கும் வந்து விழுந்தது ஆழிக்கிழவன். கடலுக்கடியில் உட்கார்ந்து முத்தைக் காவல் காக்கிற ஆயிரம் வயதுக் கிழவன்.

படம் கறுப்பு வெள்ளை. கிழவன் பச்சையா நீலமா என்று இரண்டு பேரும் ஒரு வாரம் மல்லுக்கட்டி, கடைசியில் பாசி பிடித்த படகின் அடிப்பக்கத்து நிறம் என்று சமாதானமானார்கள். நிறம் முடிவாகி, ஆள் இல்லை. அப்போதுதான் ஜெஸ்லினின் புருஷன் வளன் வந்து நின்றான். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன். பெண்டாட்டியின் பவுடர் டப்பா எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாதவன். நான் உக்காருதேன்ளா என்றான்.

ஏன் என்பதையும் அவனே சொன்னான். அவனுடைய அப்பா கஸ்பார் தண்டல், அதாவது தோணியை நடத்திப் போகிற தலைவர், மாலத்தீவுக்குப் போகிற வழியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனபோது வளனுக்குப் பால் பல்கூட விழவில்லை. ஹாலில் மாட்டியிருக்கிற போட்டோவில் அவருக்கு உருண்டைக் கன்னம், சப்பை மூக்கு, தலையில் ஒரு தொப்பி. பிள்ளைக்கு நீள முகம், கூர் மூக்கு. சின்னப் பிராயத்திலிருந்து கண்ணாடி முன்னால் நின்று அந்தப் போட்டோவைத் தன் முகத்தில் தேடுகிறவன் அவன்.

"வயசானா வந்துரும்னு சொல்லுவாவ. எங்கப்பா கிழவனாகி நான் பாக்கல. இன்னைக்கு என் மூஞ்சியில பாத்துக்கிடுதேன்."

இதைச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன்தான்.

இப்போது ஜெஸ்லின் எதற்காக அழிக்கச் சொல்கிறாள்? காரணம் அவளிடம் இருந்தது. வளனை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கல்யாணப் பெண்ணுக்கு எல்லாம் முடித்ததும் நாலு எட்டு பின்னால் போய்ப் பார்ப்பது அவள் பழக்கம். கிட்டத்தில் இருந்தால் மூக்கு தெரியும், கன்னம் தெரியும், ஆள் தெரியமாட்டாள். அப்படித்தான் சற்று முன்பும் பின்னால் போனாள். போய் நிமிர்ந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவள் புருஷன் இல்லை. பொன்னுதுரை அண்ணாச்சி.

தெருமுனையில் கயிறும் நங்கூரமும் படகுப் பெயிண்டும் விற்கிற அதே அண்ணாச்சி. கஸ்பார் ஓட்டிய தோணிக்குச் சொந்தக்காரர். பிள்ளை இல்லாத மனுஷர். சாயங்காலம் போட்டி நடக்கப்போகிற மண்டபமும் அவருடையதுதான். முன்வரிசையில் நடுநாற்காலி அவருக்கு. பக்கத்து நாற்காலிகளில் தெருவே உட்கார்ந்திருக்கும். ஜெஸ்லினின் மாமியார் அந்தோணியம்மாளும் இருப்பாள்.

கீழே ஒரு அண்ணாச்சி, மேடையில் ஒரு அண்ணாச்சி. ஊர் என்ன செய்யும்? ஊர் கிடக்கட்டும். அப்பாவைப் பார்க்கப்போகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறானே, இவன் கண்ணைத் திறந்தால்?

நல்லவேளை, கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. முடியும்வரை யாருக்கும் கண்ணாடி காட்டுவதில்லை என்பது அந்த பார்லரில் சட்டம்.

ஷீஜாவின் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே போயும் என்ன கேட்பது என்று தெரியவில்லை. தண்ணீரைக் குடித்தாள். பிறகு, அந்தக் கயிற்றுக் கடை அண்ணாச்சியைப் பார்த்திருக்கியா என்று கேட்டாள். ஷீஜாவுக்கு ஊர் களியக்காவிளைப் பக்கம். வந்து இன்னும் சம்பளம்கூட வாங்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் பார்லர், பார்லரை விட்டால் ஹாஸ்டல். எந்தக் கடை, எந்த அண்ணாச்சி என்று திருப்பிக் கேட்டாள்.

"ஒருதடவைகூடப் பாத்ததில்ல?"

"இல்லக்கா. எதுக்கு கேக்கீங்க? எனக்கொண்ணும் மனசிலாவல."

ஜெஸ்லினுக்கு ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. அப்படியானால் இது தன் கை செய்த வேலை. தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தானே கோயிலுக்குப் போகிறாள், வருகிறாள். கிழவர் முகம் என்று யோசித்தால் மனசு முதலில் எடுத்துக் கொடுப்பது அந்த முகமாக இருந்திருக்கும். மனசு கொடுத்ததைக் கை வரைந்துவிட்டது. இதற்குப் போயா இப்படி நடுங்கினோம் என்று சிரிக்கக்கூட வந்தது.

சிரிப்பு வாய்க்கு வருவதற்குள் இன்னொன்று நினைவுக்கு வந்தது. இந்த வேஷத்தில் அவள் சுருக்கம் எதையும் வரையவில்லை.

சுருக்கம் வரைந்தால் மேடை விளக்கில் கோடு கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ரப்பர் பால் பூசினார்கள். தோலை விரலால் இழுத்துப் பிடித்து, பஞ்சால் பாலை ஒற்றி, ஹேர் டிரையரில் காயவைத்து, மேலே பவுடர் போட்டு, பிடித்த விரலை விட வேண்டும். தோல் தன் இடத்துக்குத் திரும்பும்போது பூச்சு மடிந்து சுருக்கம் தானாக விழும். எங்கே விழவேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் தோலுக்கு வயசானால் எங்கே விழுமோ அங்கே விழும். ஷீஜா படித்துவிட்டு வந்த வித்தை அது. ஜெஸ்லின் செய்ததெல்லாம் விழுந்த மடிப்புக்கு நிழல் கொடுத்தது மட்டும்.

அதுவும் பாதி முகத்துக்குத்தான். பால் சீக்கிரம் இறுகிவிடும், ஒரு ஆள் கைக்கு அடங்காது என்று முகத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நெற்றி நடுவிலிருந்து மூக்குத்தண்டு வழியாகத் தாடைவரை எல்லை. இடப்பக்கம் ஜெஸ்லினுக்கு, வலப்பக்கம் ஷீஜாவுக்கு.

துண்டை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினாள். வியர்வை ஒற்றுகிற மாதிரி வளனின் இடது பாதியை மூடிவிட்டு வலது பாதியைப் பார்த்தாள். அண்ணாச்சியை ஒருநாளும் கண்டிராத ஷீஜாவின் கை பட்ட பாதி.

அந்தப் பாதியும் அண்ணாச்சிதான். சொல்லப்போனால் தன் பாதியைவிட அதிகமாக அவர்தான்.

"என்னளா, சத்தத்தையே காணோம்?" என்று உதட்டைப் பிரிக்காமல் முனகினான் வளன். "அப்பா வந்துட்டாவளா?"

ஒரு சாமான் குறைகிறது, வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டாள் ஜெஸ்லின்.

என்ன சாமான் என்று அவளுக்கே தெரியாது. கால் கயிற்றுக் கடைக்குப் போனது. ஆளை நேரில் ஒருதரம் பார்த்துவிட்டால் போதும். மனசு வேறு எதையோ பெரிசுபடுத்துகிறது என்று தெரிந்துவிடும். ஒரே தெருவில், ஒரே உப்புக்காற்றில் வெந்த முகங்கள்தானே எல்லாம். வயசானால் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆவார்கள். வழி நெடுக இதையே சொல்லிக்கொண்டு போனாள்.

அண்ணாச்சி கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி, நெற்றியில் திருநீறு, காதில் ஒரு பென்சில். பார்த்ததும் ஜெஸ்லினுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எங்கே ஒத்துப்போகிறது? இவர் ஒரு சுமாரான கிழவர். வளனுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பைத்தியம் பிடித்துத்தான் கிடக்கிறது தனக்கு.

வந்ததற்கு என்ன கேட்பது? நைலான் கயிறு ஒரு கட்டு வேண்டும் என்றாள்.

"கயிறு எதுக்குளா? கிழவனைக் கட்டிப் போடவா?" என்றார் அண்ணாச்சி.

உள்ளேயிருந்து அவர் பெண்டாட்டி செல்லக்கனி ஆச்சி சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். இவுக காலையிலேயே சட்டையைத் தேய்க்கக் கொடுத்து வாங்கி வைத்துவிட்டார்கள், சாயங்காலத்துக்கு அத்தனை அவசரம், வளன் மேடை ஏறுகிறான் என்று நேற்றுக் கேள்விப்பட்டதிலிருந்து இப்படித்தான் என்று கதை சொன்னாள். ஜெஸ்லின் தலையை மட்டும் ஆட்டினாள். கண் அண்ணாச்சியை விட்டு நகரவில்லை.

ரோட்டில் போன லாரிக்காரன் ஏதோ கேட்டான். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வெயிலைப் பார்த்துத் திரும்பினார். இடது புருவம் தனியாக மேலே ஏறியது. மூக்கோரத்திலிருந்து இறங்கிய மடிப்பு கன்னத்துக்குக் கீழே வந்ததும் இரண்டாகக் கவையாகப் பிரிந்தது.

அந்தக் கவையை ஜெஸ்லினுக்குத் தெரியும். வளன் கன்னத்தில் ஷீஜா விரலை விட்டதும் பூச்சு அப்படித்தான் பிரிந்தது. அடடே, என்ன அழகாகப் பிரிகிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து ரசித்தார்கள்.

"என்னளா அப்பிடிப் பாக்க?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"வளனுக்குக் கிழவன் வேசம் பொருந்துதா?"

பொருந்துகிறது என்றாள். அண்ணாச்சி கயிற்றை முழம் போட ஆரம்பித்தார். போட்டு முடித்த கயிற்றை மறுபடியும் முதலிலிருந்து முழம் போட்டார். செல்லக்கனி ஆச்சி அவரையும் பார்த்தாள், ஜெஸ்லினையும் பார்த்தாள். சிரிப்பை எப்போது நிறுத்தினாளோ தெரியவில்லை.

கயிற்றை வாங்கிக்கொண்டு நடந்தவளுக்கு வீடு எந்தப் பக்கம் என்றுகூட ஒரு கணம் தடுமாறியது. மாமியைப் பற்றி அப்படி நினைக்க நாக்கு கூசியது, மனசும் கூசியது. கஸ்பார் போன நாளிலிருந்து வெள்ளைச் சேலையும் ஜெபமாலையுமாக இருக்கிற பொம்பளை. பிள்ளை யாரைப்போல இருக்கிறான் என்று எவராவது கேட்டால், மாதா குடுத்த பிள்ளை, மாதாவைப்போல இருப்பான் என்று வாயை அடைத்துவிடுவாள். அந்தப் பதிலை நல்ல பதில் என்றுதான் இத்தனை நாளும் ஜெஸ்லின் நினைத்திருந்தாள். இன்றைக்கு அதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பிடிபடவில்லை. பெற்றதாக இருக்கட்டும், எடுத்து வளர்த்ததாக இருக்கட்டும், ஒன்றுமே இல்லாமல் தன் கண்தான் கெட்டுப்போயிருக்கட்டும். எதுவானாலும் அவன் அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்க்கக் கூடாது. இது ஒன்றுதான் அவளுக்குத் தெளிவாக இருந்தது.

மாடிக்கு வந்ததும், அழிக்க வேண்டாம், மூடிவிடலாம் என்று ஷீஜாவிடம் சொன்னாள். கடலுக்கடியில் உட்கார்ந்திருக்கிறவன் மேல் சிப்பி ஒட்டாமல் இருக்குமா?

சண்டை மறுபடி பற்றிக்கொண்டது. ஷீஜா குறுக்கே விழுந்து தடுத்தாள். ஜெஸ்லின் கேட்கவில்லை. கன்னத்து மடிப்பின் மேல் பொடிச் சிப்பி, கவை பிரிகிற இடத்தில் பஞ்சைப் பிய்த்துச் செய்த பாசி, நெற்றியில் சங்குத் துண்டு, தாடியைக் கண்ணுக்குக் கீழே வரை ஏற்றி ஒட்டினாள்.

"ஆழிக்கிழவனா இது? மீன் கூடையாட்டு இருக்கு. ஜட்ஜ் பாத்தா விலை கேப்பாங்க."

வளனுக்குச் சிரிப்பு வந்து தோள் குலுங்கியது. சிரித்தால் பூச்சு விரியும் என்று ஷீஜா அவனையும் திட்டினாள்.

ஜெஸ்லின் நாலு எட்டு பின்னால் போனாள்.

மூட மூட அவர் கிட்டே வந்திருந்தார். கன்னம் மறைந்ததும் புருவம் பேசியது. நெற்றி மறைந்ததும் கண்ணுக்கு அடியில் தொங்கிய பை பேசியது. சிப்பிக்கும் பாசிக்கும் நடுவில் மிச்சமிருந்த கொஞ்ச இடத்தில் அண்ணாச்சியைத் தவிர வேறு யாருமே இல்லை. புருவத்தில் ஒட்டலாமென்றால் சிப்பி தீர்ந்துவிட்டது.

இமைக்கு இரண்டாவது பூச்சு போட்டு, ஷீஜா ஹேர் டிரையரைப் போட்டாள். அந்த இரைச்சலில் படியில் கேட்ட சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

வாசலில் அந்தோணியம்மாள் நின்றாள். கையில் இளநீர் டம்ளர், அதில் ஒரு ஸ்ட்ரா. பார்லர் திறந்ததிலிருந்து ஒருநாளும் இந்த மாடி ஏறாதவள். முழங்கால் வலியும் ஒரு காரணம், மருமகள் மேல் உள்ள கோபமும் ஒரு காரணம்.

மேல்மூச்சு வாங்கிக்கொண்டே வந்ததற்குக் காரணம் சொன்னாள். வளனுக்கு மென்று தின்ன முடியாதே, குடிக்கவாவது கொடுப்போம் என்று நினைத்தாளாம். அப்புறம் இன்னொன்று. குரல் இறங்கி, டிரையர் இரைச்சலில் ஜெஸ்லினுக்கு மட்டும் கேட்டது.

"செல்லக்கனி போன் போட்டா. உம் மருமவ வந்து அவுக மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னாளேன்னு கேட்டா. என்னத்தளா பாத்தே அங்கன போயி?"

ஜெஸ்லின் நாற்காலிக்கும் மாமிக்கும் நடுவில் வந்து நின்றாள். கீழே போங்க மாமி, முடிந்ததும் கூட்டிவருகிறேன் என்றாள். சாயங்காலம் மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். மேடை என்ற சொல் வாயை விட்டுப் போனதும்தான், மாமி அங்கே பார்ப்பதைவிட இங்கே பார்ப்பது மேல் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதில் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது மறந்து, அரை எட்டு விலகிவிட்டாள்.

அந்தோணியம்மாள் பார்த்தாள்.

டம்ளர் விழவில்லை. அவள் நெஞ்சில் கை வைக்கவில்லை. சிலுவை போடவும் இல்லை. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் தெரிந்தவரைத் தூரத்தில் கண்டதும் மனுஷி எப்படி நிதானிப்பாளோ அப்படி நிதானித்தாள். டம்ளரைப் பவுடர் டப்பாக்களுக்கு நடுவில் ஓசையில்லாமல் வைத்தாள். கிட்டே வந்தாள். சிப்பி ஒட்டிய கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கையைக் கொண்டுபோய், தொடாமல், அந்தக் கவை இருந்த இடத்தில் நிறுத்தினாள். அது பாசிக்கு அடியில் மறைந்திருந்தது. ஆனாலும் விரல் சரியாக அங்கேதான் போய் நின்றது.

இதற்கு மேல் ஜெஸ்லினுக்கு ஒன்றும் யோசிக்கத் தோன்றவில்லை. அழிக்கிற எண்ணெய் பாட்டிலை எடுத்தாள், பஞ்சை நனைத்தாள், வளனின் நெற்றியை நோக்கிக் குனிந்தாள். ஐயோ அக்கா என்று ஷீஜா வாயசைத்தாள். சத்தம் டிரையரில் அமுங்கிப்போனது.

மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். மாமியின் கை.

"விடுளா. அழிக்காத," என்றாள் அந்தோணியம்மாள். இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதற்காக ஷீஜா டிரையரை நிறுத்தினாள்.

"இந்த ஒரு நாளாவது அவன் அந்த மொகத்தோட நிக்கட்டும்."

அறையில் வேறு சத்தம் இல்லாததால் அது முழுசாகக் கேட்டுவிட்டது. நாற்காலியில் கிடந்தவன் அசைந்தான். இமை இன்னும் காயவில்லை, திறக்க முடியவில்லை. அம்மாவின் குரல் வந்த பக்கமாகத் தலையை மட்டும் மெல்லத் திருப்பினான்.

"எந்த மொகத்தோடம்மா?"